டாக்டர் வருவதற்கு முன்

1

குள்ளஞ்சாவடியில் சாயந்திர நேரங்களில் ஒரு ட்யூஷன் சென்டரில் இங்கிலீஷ் கிராமர் நடத்துகிறேன். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இங்கிலீஷ் கிராமரோடு என்ன வேலை என்று கேட்கிற நண்பர்களுக்கு வயிற்றுப்பாடு என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. முந்திரிக் காடும் கடலூர் சாலையும் சேருகிற இந்த ஊரில், பத்தாம் வகுப்புப் பையன்களுக்கும் பெண்களுக்கும் நான் எழுதிப் போடுகிற வாக்கியம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் இங்கிலீஷ் படித்த எவரும் அதைத் தாண்டி வந்திருக்க முடியாது. 'தி பேஷண்ட் ஹேட் டைடு பிஃபோர் தி டாக்டர் கேம்.' டாக்டர் வருவதற்கு முன் நோயாளி இறந்துவிட்டார். என் வாத்தியார் எனக்கு எழுதிப் போட்டது இது, அவருக்கு அவருடைய வாத்தியார். எத்தனை தலைமுறையாக அந்த நோயாளி செத்துக்கொண்டிருக்கிறார், எத்தனை தலைமுறையாக அந்த டாக்டர் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை.

போன வருஷம் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், டாக்டர் வந்தது நேத்து. வந்து முடிஞ்சிருச்சு. இங்கிலீஷ்ல 'கேம்'னு பாஸ்ட்ல போட்டுட்டாங்க, சரி. நாம ஏன் 'வர்றதுக்கு முன்னாடி'ன்னு சொல்றோம்? 'வந்ததுக்கு முன்னாடி'ன்னுதான சொல்லணும்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருஷம் தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றியதில்லையே என்பதுதான் உறைத்தது. 'அது அப்படித்தாம்மா, மரபு' என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். 'மரபு' என்பது பதில் தெரியாத வாத்தியார் கையில் எப்போதும் இருக்கிற பிரம்பு. இந்தக் கட்டுரை அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். கிராமர் பதிலாக மட்டும் இது முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

2

முதலில் ஆங்கிலத்தின் கணக்கு. ஹான்ஸ் ரெய்ஷன்பாக் என்ற தத்துவவாதி 1947இல் எழுதிய குறியீட்டுத் தர்க்க நூலில் ஆங்கில வினைக்காலங்களை மூன்று புள்ளிகளை வைத்து விளக்கினார். நிகழ்ச்சி நடந்த நேரம் ஒன்று. அதைப் பற்றிப் பேசுகிற நேரம் இன்னொன்று. எங்கே நின்று அந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறோமோ அந்த நோக்குநேரம் மூன்றாவது. 'நோயாளி இறந்தார்' என்கிறபோது நிகழ்ச்சியும் நோக்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன, பேச்சு பின்னால் வருகிறது. 'ஹேட் டைடு' என்றால் நோக்கு டாக்டர் வந்த நேரத்துக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் சாவு அதற்கும் பின்னால், முடிந்துபோய்க் கிடக்கிறது.

நம் பள்ளிக்கூடம் இதை ஒரு சூத்திரமாக்கியது: இறந்தகாலத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருந்தால் முதலில் நடந்ததற்கு 'ஹேட்', பிறகு நடந்ததற்குச் சாதாரண இறந்தகாலம். ஆங்கிலக்காரர்கள் இப்படிக் கறாராகப் பேசுவதில்லை. 'பிஃபோர்', 'ஆஃப்டர்' போன்ற சொற்களே எது முன், எது பின் என்று சொல்லிவிடுவதால் இரண்டு இடத்திலும் சாதாரண இறந்தகாலம் போட்டாலும் தப்பில்லை என்று அவர்களுடைய இலக்கண நூல்களே சொல்கின்றன. பிஃபோரோடு ஹேட் வருவது விருப்பம்தான். பரீட்சைப் பேப்பரில் மட்டும் அது கட்டாயம்.

'ஹேட்' உண்மையிலேயே வேலை செய்கிற இடம் 'வென்'. 'வென் தி டாக்டர் கேம், தி பேஷண்ட் டைடு' என்றால் டாக்டர் வந்தார், நோயாளி போனார் என்றாகிறது. இரண்டும் அடுத்தடுத்து நடக்கின்றன, ஏதோ டாக்டர் வந்ததால்தான் செத்தார் என்பது போலக்கூட ஆகிவிடுகிறது. 'வென் தி டாக்டர் கேம், தி பேஷண்ட் ஹேட் டைடு' என்றால் டாக்டர் தப்பித்தார். அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கிறது, அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆக 'ஹேட்' என்பது நேரத்தை மட்டும் குறிக்கவில்லை, பொறுப்பையும் பங்கு பிரிக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு சாவு, ஒரு சொத்து, ஒரு விபத்து பற்றிய அறிக்கையில் 'ஹேட்' எங்கே விழுகிறதோ அங்கே ஒருவர் கை கழுவிக்கொள்கிறார். போலீஸ் எஃப்.ஐ.ஆர். படித்தவர்களுக்கு இது தெரியும்.

ரோலான் பார்த் 1953இல் பிரெஞ்சு நாவலின் எளிய இறந்தகாலத்தைப் பற்றி எழுதியபோது, அந்தக் காலவடிவம் உலகத்தைக் கலைசல் இல்லாத ஒழுங்காகக் காட்டுகிறது, அந்த ஒழுங்கு ஒரு வர்க்கத்தின் ஒழுங்கு என்று வாதிட்டார். ஆங்கிலத்தின் 'ஹேட்' பற்றி அதே மாதிரி யோசிக்க இடமிருக்கிறது. அது கதை தொடங்கும் முன்பே முடிந்துபோன விஷயங்களின் காலம். வாக்கியத்துக்குள் அது வரும்போது விவாதத்துக்கு அப்பாற்பட்டதாக வருகிறது.

3

இனி தமிழ். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இலக்கண நூல்களில் பதில் இல்லாமல் இல்லை. நாம்தான் அதைச் சூத்திர எண்ணாக மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிட்டோம்.

தமிழ் வாக்கியத்தில் காலம் சொல்கிற துணைத்தொடர் தனக்கென்று முற்று வைத்துக்கொள்வதில்லை. 'டாக்டர் கேம்' என்பது தனியாகவே நிற்கக்கூடிய முழு வாக்கியம், அதன் தலையில் 'பிஃபோர்' ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். 'டாக்டர் வருவதற்கு முன்' என்பது தனியாக நிற்காது. அது எச்சம், இன்னொரு வினைக்காகக் காத்திருப்பது. தொல்காப்பிய வினையியல் செய்து, செய்யூ, செய்பு, செய்தென என்று வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கிவிட்டு, பின், முன், கால், கடை, வழி, இடத்து ஆகியவற்றையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்கிறது. ஆங்கில இலக்கணத்தில் 'வென்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்' வருகிற துணைத்தொடர்கள் செய்கிற வேலையைத் தொல்காப்பியர் வினையின் ஈற்றில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

இந்த எச்சங்களில் இருக்கிற காலம் எதை வைத்து அளக்கப்படுகிறது? பேசுகிறவனின் 'இப்போது'வை வைத்து அல்ல, முடிக்கும் வினையை வைத்து. 'சாப்பிட்டு வந்தான்', 'சாப்பிட்டு வருவான்' - இரண்டிலும் 'சாப்பிட்டு'தான். நாளைக்குச் சாப்பிடப் போகிறவனுக்கும் இறந்தகால வடிவம், ஏனென்றால் வருவதை ஒப்பிட்டால் சாப்பிடுவது முடிந்த காரியம். செய்து என்ற எச்சத்தின் இறந்தகாலம் எதிர்காலத்துக்கும் போக இடமுண்டு என்று வினையியலில் தனியாக ஒரு விதியே இருக்கிறது. இன்றைய மொழியியலில் இதைச் சார்புக்காலம் என்கிறார்கள். பெர்னார்ட் காம்ரி 1985இல் வினைக்காலம் பற்றி எழுதிய நூலில் தனிக்காலம், சார்புக்காலம் என்று பிரித்துப் பேசிய விஷயத்தின் ஒரு பகுதி இந்த விதிக்குள் ஏற்கெனவே கிடக்கிறது. 'நம்மவர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்' என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சொன்னதை நாம் படிக்காமல் வைத்திருக்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதே கணக்குதான் முன்னுக்கும் பின்னுக்கும். 'வந்த பிறகு' என்பதில் எப்போதும் இறந்தகாலம்: நேற்று வந்த பிறகு போனேன், நாளைக்கு வந்த பிறகு போவேன். 'வருமுன்', 'வருவதற்கு முன்', 'வர்றதுக்கு முன்னாடி' என்பதில் எப்போதும் முடியாத காலம்: நேற்று வருவதற்கு முன் போனேன், நாளைக்கு வருவதற்கு முன் போவேன். நோயாளி சாகிற நொடியில் டாக்டர் இன்னும் வரவில்லை. அதனால்தான் 'வந்ததுக்கு முன்னாடி' என்று நாக்கு வரமாட்டேன் என்கிறது. டாக்டர் நேற்றே வந்துவிட்டுப் போயிருக்கலாம், ஃபீஸ்கூட வாங்கியிருக்கலாம். ஆனால் தமிழ் வாக்கியம் நிற்பது அந்தச் சாவுக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் டாக்டர் இன்னும் வழியில்தான் இருக்கிறார். ஆங்கில வாக்கியமோ 'கேம்' என்று சொல்லும்போது பேசுகிறவரின் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் சாவு, வருகை இரண்டுமே பழைய கதை.

பேச்சுமொழி இதை இன்னும் துல்லியமாக வைத்திருக்கிறது. எங்கள் பக்கம் 'வரும்போது' என்பது 'வரசொல்ல' ஆகும். 'அவன் வரசொல்ல நான் தூங்கிக்கிட்டிருந்தேன்.' நேற்று நடந்ததுதான், ஆனாலும் 'வந்தசொல்ல' கிடையாது. தூக்கமும் வருகையும் ஒன்றோடொன்று ஓடிக்கொண்டிருக்கின்றன. 'வர்றதுக்குள்ள போயிட்டான்' என்பதில் 'உள்ளே' என்ற இடச்சொல் நேரத்தைப் பிடித்து வைக்கிறது. 'அதுக்குங்காட்டியும் முடிஞ்சிருச்சு' என்கிறோம். இதில் 'ஹேட்' செய்கிற வேலை முழுவதும் இருக்கிறது, கூடவே கொஞ்சம் ஆதங்கமும் இருக்கிறது. இந்த வடிவங்கள் எதுவும் நம் பாடநூல்களில் இலக்கணமாக இடம்பெறவில்லை.

காலம் மாறிப் பேசுவதற்கும் நம் இலக்கணத்தில் அனுமதி உண்டு. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் இடம் மாறலாம் என்கிறது நன்னூல். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எழுந்திருக்காமலே 'இதோ வந்துட்டேன்' என்கிறோமே, அது வழுவமைதி. இலக்கணக்காரர் அதைப் பொய் என்று சொல்லவில்லை.

4

இந்த அமைப்பின் மேல் வேறொரு சட்டகம் வந்து உட்கார்ந்த வரலாறு ஐந்நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. முத்துக்குளித்துறையில் வேலை செய்த அன்ரிக்கே அன்ரிக்கஸ் என்ற சேசுசபைப் பாதிரியார் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். 1540இல் வெளியான ஜுவாவ் தெ பாரோஸின் போர்த்துக்கீசிய இலக்கணம் அவருக்கு வழிகாட்டி. 1716இல் சீகன்பால்க் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. 1830களில் ரேனியஸின் இலக்கணம் ஆங்கிலத்தில் வந்தது. 1856இல் கால்டுவெல்.

இவர்களை 'மேற்கத்தியச் சதி' என்று ஒரே கூடையில் போடுவது எளிது, ஆனால் அது வரலாறு ஆகாது. மக்கள் பேசுகிற தமிழுக்கும் இலக்கணம் உண்டு என்று எழுதிவைத்தவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கென்று தனி நூலே எழுதினார், நம் பண்டிதர்கள் அப்போது அதை மதிக்கவில்லை. ஆனால் ஒரு லத்தீன் மாணவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் அவன் கேட்கிற கட்டங்களை நிரப்பியாக வேண்டும். லத்தீனில் ஒரு பெர்ஃபெக்ட் இருக்கிறது, ஒரு ப்ளூபெர்ஃபெக்ட் இருக்கிறது, தமிழில் என்ன? 'வந்திருக்கிறேன்', 'வந்திருந்தேன்' கைக்கு அகப்பட்டன. 'இரு' என்ற வினைக்குத் தங்குதல், உட்காருதல் என்ற பொருள் இன்னும் சாகவில்லை. 'கல்யாணத்துக்கு மாமா வந்திருந்தார்' என்றால் வேறொரு நிகழ்ச்சிக்கு முன்பு வந்தார் என்று பொருளல்ல, வந்தார், அங்கே இருந்தார், நாலு பேர் பார்த்தார்கள் என்று பொருள். இந்த 'இருப்பு' மெல்லக் கட்டத்துக்குள் போய் வெறும் முன்-பின் கணக்காக மாறியது.

கால்டுவெல் இங்கே சுவாரஸ்யமானவர். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவ அவர் அடுக்கிய காரணங்களில் இரண்டு நம் விஷயத்தைத் தொடுகின்றன. வடமொழி இணைப்பிடைச்சொல் போடுகிற இடத்தில் இவை வினையெச்சத்தை விரும்புகின்றன, தொடர்புப் பதிற்பெயர் வருகிற இடத்தில் பெயரெச்சத்தை வைக்கின்றன. 'வருகிற', 'வந்த' என்ற எச்சங்களின் மேல் முன்னையும் பின்னையும் ஏற்றுகிற நம் வழக்கம் அப்படியாக ஒரு மொழிக்குடும்பத்தின், பிறகு ஓர் இனத்தின், அதற்கும் பிறகு ஓர் அரசியலின் அடையாளங்களில் ஒன்றாக ஆனது. மேடையில் முழங்கிய எவரும் வினையெச்சத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லத்தீன் சட்டகம் தமிழின் மேல் மட்டும் உட்காரவில்லை, ஆங்கிலத்தின் மேலும் உட்கார்ந்தது. 1795இல் வெளிவந்து ஆங்கிலம் பேசும் உலகமெங்கும் ஓடிய லிண்ட்லி முர்ரேயின் இலக்கணம் ஆங்கிலத்துக்கு ஆறு காலங்கள் என்று எண்ணியது. வினைவடிவத்தை மட்டும் பார்த்தால் ஆங்கிலத்துக்குக் காலம் இரண்டுதான், இறந்தது, இறவாதது, மீதியெல்லாம் துணைவினை வேலை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பழந்தமிழிலும் இறந்தது, இறவாதது என்ற இரட்டைப் பிரிவுதான் வினைவடிவத்தில் தெளிவாக இருந்தது, கின்று, கிறு முதலான நிகழ்கால இடைநிலைகள் சங்கப் பாடல்களுக்குப் பிறகு வளர்ந்தவை என்று மொழி வரலாற்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அவரவர் வீட்டில் இரண்டு மூன்று பானையோடு இருந்தவர்களுக்கு ஆறு பானை வைக்கிற பரணைக் கட்டிக்கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

5

1835இல் மெக்காலே குறிப்பு, 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் என்ற வரிசை எல்லோருக்கும் தெரிந்தது. இந்த வரிசையில் ஆங்கிலம் உத்தியோகத்துக்கு வாசலாக ஆனது. அந்த வாசலில் காவல் நின்றது இலக்கணம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெஸ்ஃபீல்டின் இலக்கணப் புத்தகங்கள், 1930களில் ரென் அண்ட் மார்ட்டின். ரென் என்பவர் வேறு யாருமல்ல, பிரெஞ்சு அந்நியப் படை பற்றி 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதிய பி.சி.ரென்தான், பம்பாய் மாகாணக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்ட புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 'ஹேட்' வீட்டிலேயே கிடைத்திருக்கும். நமக்குத்தான் சூத்திரமாகக் கிடைத்தது.

சூத்திரம் எங்கே பிசகுகிறது என்பதற்கு இந்திய ஆங்கிலத்தின் பிரசித்தமான ஒரு 'தவறு' சாட்சி. 'ஐ ஹேட் கான் டு மெட்ராஸ் யெஸ்டர்டே.' நேத்து மெட்ராஸ் போயிருந்தேன். ஆங்கிலக்காரன் காதுக்கு இது பாதி வாக்கியம். போயிருந்தாய், அப்புறம் என்ன நடந்தது என்று மீதிக்காகக் காத்திருப்பான். நமக்கு அது முழு வாக்கியம்: போனேன், இருந்தேன், திரும்பி வந்தேன். தமிழனின் 'இருந்தேன்' இங்கிலீஷ்காரனின் 'ஹேட்' சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறது. இந்தி பேசுகிறவர்களும் இதையே செய்கிறார்கள், 'கயா தா' அவர்களிடம் இருக்கிறது. ஒரு துணைக்கண்டமே சேர்ந்து செய்கிற தவறைத் தவறு என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பது என்று மொழியியலாளர்கள் கேட்கிறார்கள். திருத்துகிற சிவப்பு மை கேட்பதில்லை.

வேறு வழியில் யோசித்தவர்கள் இல்லாமலில்லை. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலான ஊர்களின் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். உலகம் முழுதும் பெங்களூர்த் திட்டம் என்று பேசப்பட்டது அது. இலக்கண விதியைச் சொல்லாதே, ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல், அர்த்தத்தில் மூழ்கியிருக்கும்போது இலக்கணம் தானாகப் படியும் என்பது அதன் அடிப்படை. 1987இல் அவர் எழுதிய நூல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடமானது. நம் ஊரில் கோடிட்ட இடத்தை நிரப்புகிற கேள்வி இன்னும் இருக்கிறது. எனக்குச் சம்பளம் தருவதும் அந்தக் கோடிட்ட இடம்தான், மறைப்பானேன்.

6

இதெல்லாம் சரி, 'கேம்' என்று போட்டால் என்ன, 'ஹேட் கம்' என்று போட்டால் என்ன, யார் குடி முழுகிப் போகிறது என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் குடி முழுகியிருக்கிறது.

கேள்வி கேட்ட பெண்ணிடம் எந்த ஊர் என்று பிறகு விசாரித்தேன். "இப்ப இங்கதான் சார். சுரங்கம் வர்றதுக்கு முன்னாடி எங்க தாத்தாவுக்கு அந்தப் பக்கம் ஊரு." நெய்வேலியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் கி.மு., கி.பி. போல ஓடுகிற காலக்கணக்கு இது: சுரங்கம் வர்றதுக்கு முன்னாடி, சுரங்கம் வந்த பிறகு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஒன்று வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்க வெட்டைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி முகம் தெரிந்தது. இது ஏட்டு வரலாறு. தாத்தாவின் ஊர் இதில் வருவதில்லை. அவள் வாக்கியத்தின் எச்சத்தில் வருகிறது. அந்த எச்சத்தில், கவனியுங்கள், சுரங்கம் இன்னும் வரவில்லை. 'வர்றதுக்கு முன்னாடி' என்றுதான் அறுபது வருஷத்துக்குப் பிறகும் சொல்கிறாள். ஊர் அந்த வாக்கியத்துக்குள் இன்னும் இருக்கிறது.

நிலம் எடுத்ததன் இலக்கணம் வேறு மொழியில் எழுதப்பட்டது. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தைக் காலத்தொடர்களின் கோவையாகவே படிக்கலாம். 4(1) நோட்டீஸ் வெளியான பிறகு இது, 6ஆம் பிரிவு அறிவிப்பு வந்த பிறகு அது. அவார்டு எனப்படும் இழப்பீட்டு உத்தரவை கலெக்டர் பிறப்பித்த பிறகு நிலத்தைக் கையில் எடுக்கலாம், எடுத்ததும் அது எந்த வில்லங்கமும் இல்லாமல் அரசாங்கத்துடையதாகிவிடும் என்பது 16ஆம் பிரிவு. அடுத்த 17ஆம் பிரிவு இந்தப் 'பிறகு'வைக் கழற்றிவிடுகிறது. அவசரம் என்றால், தரிசும் உழுநிலமுமாக இருந்தால், அவார்டு ஆகியிருக்காவிட்டாலும் நோட்டீஸிலிருந்து பதினைந்து நாள் கழித்து எடுக்கலாம். 1923இல் 5ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து ஆட்சேபம் சொல்கிற உரிமையைக் கொடுத்தார்கள், அதையும் அவசரத்தின் பேரால் தள்ளிவைக்கலாம். நிலத்தின் விலையோ 4(1) நோட்டீஸ் வெளியான தேதியின் விலை. பணம் எப்போது கைக்கு வந்தாலும் விலை அன்றைக்கு நின்றுபோனது. 1984 திருத்தம் இதற்கு வருஷத்துக்கு 12 சதம் என்று ஒட்டுப் போட்டது. எதற்கு முன் எது என்பதை மாற்றினால் ஒரு குடியானவனின் கணக்கு மொத்தமும் மாறிவிடுகிறது. இந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழியில் காலத்தொடரை வாசிக்கத் தெரியாதவன் கையெழுத்து மட்டும் போட்டான்.

2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக நெல் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. பயிரோடு மண்ணைப் புரட்டுகிற படங்களைத் தமிழ்நாடே பார்த்தது. நிறுவனத்தின் விளக்கம் என்ன? அந்த நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டிருந்தன, பயிர் செய்ய வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தது. விவசாயிகள் சொன்னது: அறுக்கிறதுக்கு முன்னாடி வந்துட்டாங்க. பிறகு விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் போனது, பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்றானது.

இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாக்கியம் முழுக்க 'ஹேட்'. அதன் நோக்குநேரம் கோப்பில் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் நிலம் எப்போதோ கைமாறி முடிந்த விஷயம், பயிர் அதற்குப் பிறகு வந்த பிழை. இயந்திரம் புதிதாக எதையும் செய்யவில்லை, முடிந்துபோனதன் மிச்சத்தைச் செய்கிறது. டாக்டர் வந்தபோது பேஷண்ட் ஹேட் டைடு. இரண்டாவது வாக்கியம் பயிருக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கே அறுவடை இன்னும் முடியாத வினை, அது வருவதற்குள் வேறொன்று வந்துவிட்டது. ஒன்று பொய், மற்றது உண்மை என்று நான் சொல்லவில்லை. நிலப் பத்திரப்படி நிறுவனம் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் சட்டம், பத்திரிகை, டி.வி. விவாதம் எல்லாம் முதல் வாக்கியத்தின் காலத்தைத் தன் காலமாக எடுத்துக்கொண்டு, இரண்டாவதை உணர்ச்சி என்று ஒதுக்குகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

'ஹேட்' எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு சாட்சி சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் மூன்று நில எடுப்புச் சட்டங்களை 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்த திருத்தத்தை 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டமன்றம் அதே வருஷம் இன்னொரு சட்டம் போட்டது. இந்தச் சட்டங்கள் 2013 செப்டம்பர் 26 முதலே உயிரோடு இருந்ததாகக் கொள்ளப்படும். 2021இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. செத்ததாகத் தீர்ப்பான ஒன்று, சாகவே இல்லை என்று பின்னோக்கி எழுதப்பட்டது. பேஷண்ட் விஷயத்தில் நடக்காத அற்புதம்.

7

இதிலிருந்து ஆங்கிலம் அதிகாரத்தின் மொழி, தமிழ் மக்களின் மொழி என்று முடித்துவிட்டால் கைதட்டு கிடைக்கும். ஆனால் 'கையகப்படுத்தப்பட்டிருந்தன' என்பது என்ன மொழி? நல்ல தமிழ். செயப்பாட்டு வினையும் 'இருந்தன'வும் சேர்ந்த இந்தச் சொல் கலெக்டர் ஆபீஸ் தமிழில், செய்தித்தாள் தமிழில், நம்முடைய கட்டுரைத் தமிழிலும் தினம் புழங்குகிறது. செய்தவன் பெயரையும் செய்த தேதியையும் ஒரே சொல்லில் விழுங்கக்கூடிய வடிவம் இது. இதைத் தமிழாக்கியவர்கள் நாம்தான். ஹோபி இந்தியர்களுடைய மொழியில் காலமே இல்லை என்று பெஞ்சமின் வோர்ஃப் சொன்னதும், 1983இல் எக்கெஹார்ட் மலோட்கி ஒரு தடித்த புத்தகம் எழுதி அதை மறுத்ததும் நமக்குப் பாடம். மொழியின் இலக்கணத்திலிருந்து மக்களின் ஆன்மாவுக்குத் தாவுகிறவர்கள் நடுவில் விழுந்துவிடுகிறார்கள். எந்த மொழியிலும் பயிருக்குப் பக்கத்தில் நிற்கலாம், எந்த மொழியிலும் கோப்புக்குப் பக்கத்திலும் நிற்கலாம். எந்த இடத்தில் நிற்பது இலக்கணம், எந்த இடத்தில் நிற்பது கொச்சை என்று நிர்ணயித்ததில்தான் வரலாறு இருக்கிறது.

ஆகவே 'ஹேட்'டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும், இப்போது சொல்லிக்கொடுப்பதைவிட நன்றாக. சூத்திரமாக அல்ல, கேள்வியாக. ஒரு நோட்டீஸில், ஒரு தீர்ப்பில், ஒரு கம்பெனி அறிக்கையில் 'ஹேட் பீன்' என்றோ 'பட்டிருந்தது' என்றோ கண்டால் மூன்று கேள்வி கேட்கப் பழக்க வேண்டும். எந்தத் தேதியில்? யாரால்? எதற்கு முன்? இந்த மூன்றுக்கும் பதில் வருகிறவரை அந்த வாக்கியத்தில் எதுவும் முடிந்துபோகவில்லை. நில உரிமைக்காக நடக்கிற நண்பர்கள் இதை ஏற்கெனவே செய்கிறார்கள், இலக்கணம் என்ற பெயரில் செய்வதில்லை, அவ்வளவுதான். தமிழ் வாத்தியார்களும் பேச்சுமொழியின் 'வர்றதுக்குள்ள', 'வரசொல்ல', 'அதுக்குங்காட்டியும்' ஆகியவற்றை இலக்கண வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். தொல்காப்பியர் தம் காலத்து முன், பின், கால், கடையைச் சேர்த்துக்கொண்டார். நமக்கு என்ன கூச்சம்?

அடுத்த வாரம் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீ கேட்டது சரிம்மா. செத்தவரு பக்கத்துல நின்னுக்கிட்டுப் பேசுறோம், அதான் 'வர்றதுக்கு'. இங்கிலீஷ்ல டாக்டர் வந்துட்டுப் போன பிறகு நின்னு பேசுறாங்க, அதான் 'கேம்'." கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப பரீட்சைல எங்க சார் நிக்கணும்?" என்றாள்.

பரீட்சையில் 'ஹேட்' போடச் சொல்லி அனுப்பினேன்.